ஆர்ட் 'அண்ட்' போட்டோகிராஃபி: நடுவுல அந்த 'அண்ட்' எதுக்கு?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க மாமாவ பெங்களூர் கஸ்தூர்பா ரோட்ல இருக்குற மேப் மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போயிருந்தேன். முழுப் பேரு மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் போட்டோகிராஃபி, 2023 பிப்ரவரில தொறந்தது, வெளிய பாத்தா ஸ்டீல் தகடு போத்துன தண்ணி டேங்க் மாதிரி இருக்கும், கப்பன் பார்க் பக்கம் போறவங்க பாத்திருப்பீங்க. மாமா வாசல்லயே நின்னுட்டார். போர்ட ரெண்டு தடவ படிச்சார். "ஏன்டா, ஆர்ட்டுன்னு சொன்னாலே போட்டோவும் அதுக்குள்ள வந்துடும்ல, அப்புறம் எதுக்கு நடுவுல ஒரு அண்ட்?"னு கேட்டார்.

மாமா அத கேக்குறதுக்கு காரணம் இருக்கு. ஷிவாஜிநகர் பக்கம் ஒரு ஸ்டூடியோல 28 வருஷம் ரீடச்சிங் வேல, அதாவது எடுத்த படத்துல தழும்பு, கோடெல்லாம் கையால சரி பண்ற வேல பாத்தவர் அவர். அந்த ஸ்டூடியோல கேமரா புடிக்கிறவர போட்டோகிராஃபர்னு கூப்புடுவாங்க, மாமாவ ஆர்டிஸ்ட்னு கூப்புடுவாங்க. கஸ்டமர் வந்து "ஆர்டிஸ்ட் இருக்காரா, கன்னத்துத் தழும்ப கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க"ம்பாங்களாம். அதே மாமா 90கள்ல தான் கை வச்ச நாலு பிரிண்ட சட்டம் போட்டு ஒரு கேலரிக்கு எடுத்துட்டுப் போயிருக்கார், அங்க "நாங்க பெயிண்டிங் மட்டும்தான் மாட்டுவோம், போட்டோல்லாம் எடுக்குறதில்ல"ன்னு சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்க, பிரிச்சுக்கூட பாக்கலன்னு இன்னிக்கும் சொல்லுவார். நான் அல்சூர்ல வீட்லயே உக்காந்து கல்யாண ஆல்பம் எடிட் பண்ணி பொழைக்கிறேன், அதனால இது எனக்கும் சொந்த சண்டைதான். போட்டோ கலையா இல்லையாங்குற இந்தப் பேச்சு எங்கேருந்து வந்துச்சு, யார் யார் என்ன தீர்ப்பு சொன்னாங்க, எனக்கு எது சரின்னு படுதுன்னு தேடிப் படிச்சத இங்க எழுதுறேன்.

முதல்ல நம்ம பாஷையிலயே பாருங்க. ஓவியத்த வரையுறோம், சிலைய வடிக்கிறோம், கவிதைய எழுதுறோம், மெட்ட போடுறோம். போட்டோவ மட்டும் எடுக்குறோம், இல்லன்னா புடிக்கிறோம். ஏற்கனவே அங்க கெடந்தத கைநீட்டி எடுத்துக்கிட்ட மாதிரி, ஓடுற கோழிய புடிச்ச மாதிரி. பேரும் அப்படித்தான், நாம புகைப்படம்ங்கிறோம், பழைய ஆளுங்க நிழற்படம்பாங்க, ஒளிப்படம்னு சொல்றவங்களும் இருக்காங்க. புகை இருக்கு, நிழல் இருக்கு, ஒளி இருக்கு, எடுத்த ஆள் மட்டும் எந்தப் பேர்லயும் இல்ல.

இது நம்ம ஊர் கோளாறு மட்டும் இல்ல. 1839ல பாரிஸ்ல டாகுவேர்ங்குறவர் கண்டுபுடிச்ச போட்டோ முறைய உலகத்துக்கு அறிவிச்சப்ப எல்லாரையும் அசரவச்சதே இதுல மனுஷன் கை படலங்குறதுதான். வெளிச்சம் வருது, தகட்டுல விழுது, படம் தானா பதியுது. இங்கிலாந்துல டால்பட்னு இன்னொருத்தர், ஒரு நெகட்டிவ்லேருந்து எத்தன காப்பி வேணாலும் போடுற முறைய கண்டுபுடிச்சவர், 1844ல வெளியிட ஆரம்பிச்ச தன்னோட போட்டோ புத்தகத்துக்கு வச்ச பேரே 'இயற்கையின் பென்சில்'. வரைஞ்சது நான் இல்ல, இயற்கைதான்னு அர்த்தம். ஒரு புது சாமான ஊருக்குக் காட்ட அது நல்ல பேச்சுதான், ஆனா அதே பேச்சுதான் பின்னாடி போட்டோகிராஃபர் கழுத்தப் புடிச்சுது, நீங்கதான ஒன்னும் பண்ணலன்னு சொன்னீங்க, இப்போ வந்து நானும் கலைஞன்னா எப்படின்னு.

1859ல பாரிஸ்ல பெரிய ஓவியக் கண்காட்சி நடந்த அதே கட்டடத்துல போட்டோவுக்கும் எடம் குடுத்தாங்க, ஆனா தனி வாசல். ஓவியம் பாக்குறவங்க ஒரு வழி, போட்டோ பாக்குறவங்க இன்னொரு வழி. அந்தக் கண்காட்சிய பத்தி எழுதும்போதுதான் கவிஞர் போதலேர், போட்டோகிராஃபி அறிவியலுக்கும் கலைக்கும் அடக்க ஒடுக்கமான வேலக்காரியா இருக்கட்டும், அது போதும்ங்குற மாதிரி எழுதினார். மூணு வருஷம் கழிச்சு, 1862ல லண்டன் உலகக் கண்காட்சில போட்டோவ மெஷின் சாமான்களோட சேத்து வைக்கப் பாத்தாங்க, போட்டோகிராஃபர்ங்க விடல, சண்ட போட்டு கடைசில தங்களுக்குன்னு தனி வகுப்பு ஒன்னு வாங்கினாங்க. மெஷின் இல்லன்னு ஒத்துக்கிட்டாங்க, கலைன்னு ஒத்துக்கல, தனியா உக்காருன்னுட்டாங்க. மாமா கேட்ட அந்த அண்டுக்கு வயசு நூத்தி அறுபது வருஷத்துக்கு மேலன்னு இத படிச்சப்பதான் எனக்கு உறைச்சுது.

அந்தக் காலத்து ஆளுங்கள்ல எனக்கு ரொம்ப புடிச்சவங்க ஜூலியா மார்கரெட் கேமரூன். 1815ல கல்கத்தால பொறந்தவங்க, 48 வயசுல மக வாங்கிக் குடுத்த கேமராவ வச்சு ஆரம்பிச்சாங்க. அவங்க எடுத்த முகங்கள் எல்லாம் லேசா கலங்கி இருக்கும், ஓரங்கள் கரைஞ்சிருக்கும், விமர்சகர்கள் இந்தம்மாவுக்கு ஃபோகஸ் பண்ணவே தெரியலன்னு எழுதினாங்க. அவங்க 1864ல விஞ்ஞானி ஹெர்ஷலுக்கு எழுதின கடிதத்துல கேட்டாங்க, ஃபோகஸ்னா என்ன, எது முறையான ஃபோகஸ்னு சொல்ற உரிமை யாருக்கு இருக்குன்னு. எனக்கு இந்தக் கேள்விதான் மொத்த விவாதத்துக்கும் சாவி மாதிரி படுது. மெஷின் ஒரு கூர்மைய குடுக்குது, ஒருத்தி அத வேணாம்னு சொல்றா, சொல்லிட்டு அதுக்கு பதிலும் சொல்லத் தயாரா நிக்கிறா. 1875ல குடும்பத்தோட இலங்கைக்குப் போயிட்டாங்க, அங்க வேல செஞ்ச தமிழ் ஜனங்களையும் படம் எடுத்தாங்க, 1879ல அங்கயே எறந்துபோய் போகவந்தலாவ மலையில ஒரு சர்ச்சுல அடக்கம் ஆகியிருக்காங்க. மலையகத் தமிழர்கள் இருக்குற மண்ணுதான் அது.

எழுத்தாளர்கள் தீர்க்காதத கோர்ட்டு தீர்த்துச்சு, ஆனா கோர்ட்டுக்கு கலை மேல அக்கறை இருந்து தீர்க்கல, காப்பியடிச்சவன புடிக்கணும், அவ்வளவுதான். பிரான்ஸ்ல மேயர், பியர்சன்னு ரெண்டு பேர் நடத்துன ஸ்டூடியோ எடுத்த ஒரு அரசியல் தலைவர் படத்த வேற ஆளுங்க காப்பியடிச்சு வித்தாங்க, கேஸ் போச்சு, கலைப்படைப்புக்கு மட்டும்தான் சட்டப் பாதுகாப்பு, அதனால போட்டோ கலையான்னு நீதிபதி சொல்லியே ஆகணும், 1862ல ஆமா, அதுவும் கலையா இருக்க முடியும்னு தீர்ப்பு வந்துச்சு. ஆங்ர் மாதிரி பெரிய ஓவியர்களே சேந்து கையெழுத்துப் போட்டு எதிர்ப்பு மனு குடுத்தாங்க. அமெரிக்காவுல 1884ல இன்னொரு கேஸ். நெப்போலியன் சரோனின்னு ஒரு போட்டோகிராஃபர் எடுத்த ஆஸ்கர் வைல்ட் படத்த ஒரு அச்சுக் கம்பெனி 85,000 காப்பி அடிச்சிருச்சு. மெஷின் எடுத்த படத்துக்கு ஆசிரியர் யாருன்னு கம்பெனி வாதாடுச்சு. சுப்ரீம் கோர்ட்டு சொன்ன காரணத்த கவனிங்க: ஆள உக்கார வச்ச விதம், போட்ட துணி, பின்னாடி தொங்கவிட்ட திரை, வெளிச்சமும் நிழலும் விழ வச்ச முறை, முகத்துல வரவழைச்ச உணர்ச்சி, இதெல்லாம் சரோனி மனசுல இருந்து வந்தது, அதனால அவர்தான் ஆசிரியர். பட்டனப் பத்தி பேச்சே இல்ல.

நம்ம நாட்டு சட்டம் இன்னும் ஒரு படி மேல போயிருச்சு. 1957 காப்பிரைட் சட்டத்துல கலைப்படைப்புன்னா என்னன்னு சொல்ற எடத்துல ஓவியம், சிற்பம், வரைபடம் எல்லாத்தோடயும் போட்டோவ சேத்து எழுதி, அதுல கலைத்தரம் இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரின்னு போட்டுட்டாங்க. உங்க ஆதார் கார்டு படமும் சட்டப்படி கலைப்படைப்பு வகைதான். ஆனா அதே சட்டத்துல, காசு குடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு வேற ஒப்பந்தம் இல்லன்னா முதல் உரிமையாளர் காசு குடுத்தவர்தான்னும் இருக்கு, காசுக்கு வரைஞ்ச உருவப்படத்துக்கும் அதே விதிதான். கல்யாணத்துக்கு எடுக்குறவங்க இத தெரிஞ்சு வச்சுக்கிட்டு எழுத்துல ஒப்பந்தம் போட்டுக்கறது நல்லது, நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன், ஒரு கல்யாணத்துல எடுத்த படம் முழுக்க என் பேர் இல்லாம வேற எங்கயோ விளம்பரத்துல வந்துச்சு, என்னால ஒன்னும் பண்ண முடியல. இன்னொன்னும் இருக்கு. போட்டோவோட ஆசிரியர் யாருன்னு கேட்டா அந்தப் படத்த எடுத்தவர்னு சட்டம் சொல்லுது. நெகட்டிவ்ல மூணு மணி நேரம் உக்காந்த எங்க மாமா அதுல எங்கயும் இல்ல.

கோர்ட்ட விடுங்க, எதிர்ப்பக்கம் இருக்குற வலுவான வாதத்த சொல்லாம இத எழுதுறது நேர்மை இல்ல. ரோஜர் ஸ்க்ரூட்டன்னு இங்கிலாந்துல ஒரு தத்துவ அறிஞர், 1981ல ஒரு கட்டுரைல வாதம் வச்சார். ஓவியத்துல ஒரு ஆள் இருந்தா ஓவியர் அந்த ஆளப் பத்தி என்ன நினைச்சாருங்குறதுதான் படம், அப்படி ஒரு ஆள் உலகத்துல இருக்கணும்னு கூட அவசியம் இல்ல. போட்டோவுல ஒரு ஆள் இருந்தா அவர் கேமரா முன்னாடி நின்னாருங்குறதுதான் காரணம். அப்போ நாம ரசிக்கிறது படத்த இல்ல, படத்து வழியா தெரியுற ஆளத்தான், ஜன்னல் வழியா தெருவப் பாக்குற மாதிரி. அழகான தெருவக் காட்டுதுங்குறதுக்காக ஜன்னல யாரும் கலைஞன்னு சொல்ல மாட்டோம். இத முதல் தடவ படிச்சப்ப ரெண்டு நாள் எனக்கு பதிலே வரல. உண்மைலயே போட்டோகிராஃபர் பாக்காத விஷயம் படத்துல வந்து விழுறது எங்க தொழில்ல தினமும் நடக்குறதுதான், தாலி கட்டுற ஃப்ரேம்ல பின்னாடி ஒருத்தர் கொட்டாவி விட்டுட்டு நிப்பார், எடுக்கும்போது சத்தியமா கண்ணுல பட்டிருக்காது.

பதில் எனக்கு மாமாவோட டெஸ்க்லேருந்துதான் வந்துச்சு. அந்த டெஸ்க் இன்னும் எங்க வீட்ல இருக்கு. சாய்வா ஒரு பலகை, நடுவுல சதுரமா வெட்டி பால்கண்ணாடி பதிச்சிருக்கும், கீழ ஒரு முகம்பாக்குற கண்ணாடிய சாய்ச்சு வச்சா ஜன்னல் வெளிச்சம் மேல திரும்பி நெகட்டிவ் வழியா வரும். நெகட்டிவ் வழவழன்னு இருக்கும், பென்சில் ஒட்டாது, அதுக்கு ரீடச்சிங் மீடியம்னு ஒரு வார்னிஷ பஞ்சுல தொட்டு தடவி காயவிடணும், அப்பதான் ஒரு சொரசொரப்பு வரும். பென்சில ஒரு இஞ்சுக்கு மேல சீவி உப்புத்தாள்ல உருட்டி உருட்டி ஊசி மாதிரி ஆக்குவார். நெகட்டிவ்ல கருப்பு வெளுப்பு எல்லாம் தலைகீழ்ங்குறத மறந்துடாதீங்க, கண்ணுக்குக் கீழ இருக்குற கருவளையம் அங்க வெளுப்பா தெரியும், அந்த வெளுப்ப பென்சில்ல சின்னச் சின்ன கமா போடுற மாதிரி நெரப்பினா பிரிண்ட்ல கருவளையம் மங்கும். முடி இன்னும் கருப்பா வேணும்னா பிளேடு நுனியால எமல்ஷன, அதாவது படம் பதிஞ்சிருக்குற பூச்ச, மெல்ல சொரண்டணும், ஒரு தடவ கூட சொரண்டினா ஓட்ட விழுந்துடும், திரும்ப எடுக்க ஆள் வரமாட்டாங்க. மூக்குத்தில ஒரு மினுக்கு வேணும்னா அந்த எடத்துல ஒரே ஒரு கருப்புப் புள்ளி.

ஆனா மாமா இதெல்லாம் பெருசா பேசமாட்டார், எத விட்டோம்ங்குறதத்தான் பேசுவார். "அம்பது வயசுக்காரம்மா நெத்தில மூணு கோடு இருந்தா நான் ஒன்னத்தான் எடுப்பேன்டா. மூணையும் எடுத்துட்டா படம் நல்லாத்தான் இருக்கும், அவங்க பையன் வந்து வாங்கும்போது யார் இதுன்னு பாப்பான்." இதுதான் ஸ்க்ரூட்டனுக்கு என் பதில். அந்தம்மா கேமரா முன்னாடி நின்னாங்க, சரி, அது காரணகாரியம். ஆனா மூணு கோட்டுல ஒரு கோடு போயி ரெண்டு கோடு நின்னது காரணகாரியம் இல்ல, ஒரு மனுஷன் அவங்க முகத்தப் பத்தி நினைச்சது. அதுக்கு ஏன்னு கேட்டா சொல்ல ஆள் இருக்கு.

இது என்னவோ ஷிவாஜிநகர் ஸ்டூடியோ வழக்கம்னு நினைக்காதீங்க, இந்தியாவுல போட்டோகிராஃபி வந்த நாள்லேருந்து கை அதுல இருக்கு, அதுவும் நம்ம பெங்களூர்லேருந்தே இருக்கு. லினேயஸ் டிரைப்னு கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்துல ஒரு கேப்டன், பெங்களூர்ல இருந்தவர், 1854 கடைசில ஹளேபீடு, பேலூர் கோயில்கள படம் எடுத்தார், அப்புறம் சென்னை மாகாண அரசு அவர அதிகாரப்பூர்வ போட்டோகிராஃபரா போட்டுச்சு. 1858ல மதுரை, தஞ்சாவூர், திருச்சின்னு போய் எடுத்தார். மெழுகு தடவுன பேப்பர் நெகட்டிவ், பெரிய மரக் கேமரா, நம்ம ஊர் வெயில், ரசாயனம் எல்லாம் மாட்டு வண்டிக் காலத்துல தூக்கிட்டுப் போகணும், நினைச்சுப் பாருங்க. அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல நிறம்னா ரொம்ப வேகம், அதனால வானம் எப்பவும் அளவுக்கு மீறி பதிஞ்சு பிரிண்ட்ல வெறும் வெள்ளையா வரும். டிரைப் என்ன பண்ணினார்னா நெகட்டிவ் மேலயே நிறமிய தொட்டு மேகம் போட்டார், மரத்து இலைகளுக்கும் கை வச்சார். மேகமே இல்லாத வெள்ளை வானத்துல அவர் போட்ட மேகம் இன்னிக்கும் மெதக்குது. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துல ஓடுற கல்வெட்ட அவர் துண்டு துண்டா நகந்து நகந்து எடுத்து 21 பிரிண்ட ஒட்டி ஒரே சுருளா ஆக்கினார், நீளம் கிட்டத்தட்ட 19 அடி. அரசாங்கம் அவர கலைக்காக அனுப்பல, பழைய கட்டடங்கள் அழியறதுக்குள்ள பதிவு வேணும், அதுக்குத்தான். செலவு ஜாஸ்தின்னு சொல்லி கொஞ்ச வருஷத்துலயே அந்த வேலைய நிறுத்தவும் செஞ்சாங்க. அதே படங்கள் இப்போ வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மியூசியங்கள்ல கலையா சுவத்துல மாட்டி பாத்தாச்சு. பதிவு எப்போ கலையாச்சு? எனக்குத் தெரிஞ்சு அவர் தூரிகையத் தொட்ட அன்னிக்கே ஆச்சு, மியூசியத்துக்குத்தான் தெரிய லேட்டு.

ஆனா கை பட்டாத்தான் கலைன்னு சொல்லிட்டா அதுவும் தப்பாப் போயிடும். அமெரிக்காவுல ஆன்சல் ஆடம்ஸ் இருந்தார், பியானோ கத்துக்கிட்டு போட்டோவுக்கு வந்தவர், நெகட்டிவ்ங்குறது ஸ்வரக்குறிப்பு மாதிரி, பிரிண்ட்தான் கச்சேரின்னு சொல்லுவார். 1941ல எடுத்த ஒரு நிலா படத்த பல வருஷம் திரும்பத் திரும்ப பிரிண்ட் போட்டார், வருஷம் ஆக ஆக வானம் கருத்துக்கிட்டே வந்துச்சு, ஒரே கீர்த்தனைய வயசுக்கு ஒரு மாதிரி பாடுற மாதிரி. அதுக்கு நேர் எதிர் பிரெஞ்சு போட்டோகிராஃபர் கார்ட்டியர்-பிரெஸ்ஸோன். டார்க் ரூம்ல கழுவி பிரிண்ட் போடுற வேலைய அடுத்தவங்க கையில குடுத்துடுவார், படத்த ஓரம் வெட்டக்கூட விடமாட்டார். 1950 ஏப்ரல்ல ரமணரோட கடைசி நாட்கள்ல திருவண்ணாமலைல இருந்து படம் எடுத்தவர் அவர். அவர் முடிவெல்லாம் ஒரு நொடிக்குள்ள முடிஞ்சிடும், எங்க நிக்கணும், எப்போ அமுக்கணும், அப்புறம் சுருள்ல இருக்குறதுல எது, அவ்வளவுதான். ஆனா முடிவு அவரோடது. ரமணர் பேச்சு வந்ததால ஒன்னு சொல்லிடறேன், நம்மாளுங்க வீட்டு பூஜை ரூம்ல இருக்குமே, லேசா சிரிக்கிற மாதிரி நேரா பாக்குற அந்த ரமணர் முகம், அத எடுத்தவர் பேரு ஜி.ஜி. வெல்லிங், பக்தர்கள் அத வெல்லிங் படம்னே சொல்லுவாங்க. எத்தன பேர் கண்ண மூடி கும்புட்டிருப்பாங்க, எத்தன பேருக்கு அந்தப் பேர் தெரியும்? அந்த வெளிச்சம் அந்தக் கண்ணுல அப்படி விழணும்னு ஒருத்தர் பாத்துப் பாத்து வச்சிருக்கார்.

கை வைக்கவே கூடாதுங்குற உலகமும் ஒன்னு இருக்கு. பெங்களூர் காட்டுயிர் போட்டோகிராஃபிக்கு பேர் போன ஊர், டி.என்.ஏ. பெருமாள் மாதிரி பெரிய ஆளுங்க இங்க இருந்து வேல பாத்தாங்க, யூத் போட்டோகிராஃபிக் சொசைட்டி மாதிரி கிளப்ங்கள்ல ஒரு தலைமுறையே கத்துக்கிட்டுச்சு. சலோன்ங்குற போட்டோ போட்டிகள்ல நேச்சர் பிரிவுக்கு விதி கறாரா இருக்கும், ஃப்ரேம்ல எதையும் சேக்கக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது, குறுக்க ஒரு குச்சி இருந்தா இருந்ததுதான். அப்படி கை கட்டிட்டு எடுத்த படங்களுக்கு ஃபியாப்ங்குற சர்வதேச போட்டோகிராஃபி அமைப்பு குடுக்குற ஆரம்பப் பட்டம் ஏஎஃப்ஐஏபி, அதுல முதல் எழுத்துக்கு அர்த்தம் ஆர்டிஸ்ட். குச்சிய அழிக்கக் கூடாது, ஆனா குச்சி மறைக்காத எடத்துக்கு நகந்து மறுபடி நாலு மணி நேரம் உக்காரலாம். உக்காந்தவருக்குத்தான் அந்தப் பட்டம்.

பட்டன அமுக்குறவர்தான் கலைஞர்னு நினைக்கிறவங்க புஷ்பமாலா என். வேலையப் பாக்கணும். பெங்களூர்க்காரங்க, சிற்பம் படிச்சவங்க. 2000லேருந்து 2004 வரைக்கும் போட்டோகிராஃபர் கிளேர் ஆர்னியோட சேந்து தென்னிந்தியப் பெண்கள் பத்தி ஒரு படத்தொகுதி பண்ணினாங்க, ரவிவர்மா ஓவியத்துல நிலா வெளிச்சத்துல உக்காந்திருக்குற பொண்ணு மாதிரி தானே வேஷம் போட்டு, செட் போட்டு, கேமரா முன்னாடி உக்காந்தாங்க. அமுக்கினது ஒருத்தங்க, முன்னாடி இருந்தது ஒருத்தங்க, படம் ரெண்டு பேரோடது. சரோனி கேஸ்ல கோர்ட்டு சொன்னதேதான் இது. அதே கணக்குலதான், 2011ல இந்தோனேசியக் காட்டுல ஒரு குரங்கு கேமராவ புடிச்சு தன்னையே எடுத்துக்கிட்ட படத்துக்கு, மிருகம் பண்ணினதுக்கெல்லாம் காப்பிரைட் பதிவு கெடையாதுன்னு 2014ல அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ் சொல்லிருச்சு. படம் பிரமாதமா இருக்கும், அதுல ஒன்னும் சந்தேகம் இல்ல, ஆனா ஏன் இப்படி வச்சன்னு கேட்டா சொல்ல ஆள் இல்ல.

இப்போ இந்தக் கேள்வி பழைய புத்தகத்துலேருந்து எறங்கி நம்ம பாக்கெட்டுக்குள்ள வந்துருச்சு. மேப்ல இருந்து வெளிய வந்து மாமாவ நிக்க வச்சு போன்ல ஒரு படம் எடுத்தேன், அவருக்கு 74 வயசு, படத்துல அறுபது கூட தெரியல. மாமா கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தார். "இங்க ஒரு வெட்டுத் தழும்பு இருக்கணுமே, யார கேட்டு எடுத்துச்சு?"ன்னார். நான் ஒன்னும் பண்ணல மாமா, போனே பண்ணிடும்னேன். போன் ஒரு தடவ அமுக்கினா பல படம் எடுத்து ஒன்னா கோக்குது, இருட்ட வெளுப்பாக்குது, தோல வழிச்சு விடுது, எல்லாம் எங்கயோ யாரோ எல்லா முகத்துக்கும் சேத்து ஒரே தடவ எடுத்த முடிவு. மாமா கஸ்டமர்கிட்ட கேட்டுத்தான் மச்சத்த தொடுவார், மச்சம் ராசின்னு சிலர் விடச் சொல்லுவாங்களாம். 2023ல சோனி உலக போட்டோ போட்டில ஒரு பிரிவுல ஜெயிச்ச போரிஸ் எல்டாக்சன், இது ஏஐ உருவாக்கின படம்னு சொல்லி பரிசு வேணாம்னுட்டார், போட்டி நடத்துறவங்க இதுக்குத் தயாரா இருக்காங்களான்னு பாக்கத்தான் அனுப்பினேன்னார். எனக்கு ஏஐ மேல கோவம் இல்ல, என் எடிட்டிங்லயும் அத தொடுறேன், ஆனா போட்டோ வேற, ஏஐ படம் வேறன்னு அவர் சரியாத்தான் பிரிச்சார். போட்டோ எடுக்குறவனுக்கு எதிர்ல ஒரு நெசம் நிக்குது, அந்த நெசத்துக்கு முன்னாடி நின்னுதான் அவன் முடிவு எடுக்கணும், அந்தம்மா நெத்தில மூணு கோடு நெசமா இருக்கு. அந்த எடைதான் இந்தக் கலையோட தனித்தன்மைன்னு நான் நம்புறேன், ஓவியத்துக்கு கூட அது இந்த அளவுக்குக் கெடையாது.

அதனால எல்லா போட்டோவும் கலையான்னு கேட்டா இல்லதான், எழுதினதெல்லாம் இலக்கியம் இல்லல்ல, அந்த மாதிரி. எனக்கு அளவு ஒன்னுதான், இந்த ஃப்ரேம்ல இது ஏன் இருக்கு, அது ஏன் இல்லன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்கா. மேப் தொறந்தப்ப ஜோதி பட் எடுத்த படங்கள் வச்சிருந்தாங்க, ஓவியர் அவர், கிராமத்துச் சுவர்லயும் தரையிலயும் பொண்ணுங்க போடுற கோலங்கள பல வருஷம் சுத்திச் சுத்தி படம் எடுத்தார். அழிஞ்சு போறத பதிவு பண்ணத்தான் ஆரம்பிச்சார். ஆனா கோலத்த மட்டும் எடுக்காம பக்கத்துல அந்தக் கை, அந்தப் புடவை, அந்த வாசல் வர்ற மாதிரி நின்னிருக்கார்ல, அங்க இருக்கு கலை.

இத எழுதிட்டிருக்கும்போது எங்க பாட்டி படத்த ஸ்கேன் பண்ணினேன். பாட்டி 1986ல எறந்தாங்க, உயிரோட இருந்தப்ப ஒரு தனிப்படம் கூட எடுக்கல. அப்பல்லாம் எறந்தவங்கள நாற்காலில உக்கார வச்சு தெருவாசல்ல வெளிச்சத்துல படம் எடுக்குறது தமிழ் ஜனங்ககிட்ட பரவலா இருந்த வழக்கம், அப்புறம் ஸ்டூடியோல ஆர்டிஸ்ட் கண்ண வரைஞ்சு தொறந்து விடுவார், சாமி சிலைக்கு ஸ்தபதி கடைசியா கண் தொறக்குற மாதிரியே. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல பழைய தமிழ் ஸ்டூடியோக்களோட படங்கள தேடிச் சேத்து, பிரிட்டிஷ் லைப்ரரியோட அழியுற ஆவணங்கள் திட்டத்துல டிஜிட்டல் பண்ணியிருக்காங்க, நல்லவேளை யாரோ செஞ்சாங்க, இல்லன்னா பாதி ஸ்டூடியோ நெகட்டிவ் பழைய பேப்பர் கடைக்குத்தான் போயிருக்கும். எங்க பாட்டிக்கு கண் தொறந்தது மாமாதான். தன் அம்மாவுக்குத் தானே. பாத்து வரைய வேற படம் இல்ல, அதனால எங்கம்மாவ, அவங்களுக்கு பாட்டி கண்ணு அப்படியே, மூணு நாள் ஜன்னல் பக்கத்துல உக்கார வச்சு பாத்துப் பாத்து வரைஞ்சாராம்.

ஸ்கேன பெருசு பண்ணினப்பதான் கவனிச்சேன். ரெண்டு கருவிழிலயும் வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளப் புள்ளி இருக்கு, அது வட்டமா இல்ல, நாலு கட்டமா பிரிஞ்சிருக்கு. படம் எடுத்தது தெருவாசல்ல, அங்க ஏது கட்டம்? மாமாவக் கூப்புட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் ஸ்க்ரீன் மேல விரல வச்சு, "பழைய வீட்டு ஜன்னல்டா, குறுக்குக் கம்பி இருக்கும், உங்கம்மா கண்ணுல தெரிஞ்சுது, அப்படியே வச்சேன்"னார்.